காதில் விழாத வரை

சாம்பசிவத்துக்குக் காத்திருப்பது என்றாலே வேப்பங்காய். அரிசி மில்லுக்குத் தனியாக ஒரு டெலிபோன் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும்படி ஆனதில் அவருக்கு ஊரில் எல்லோர் மேலும் கோபம். வீட்டில் போன் இருந்தது. ஆனால் வீடு அக்ரஹாரத்தில். மில்லோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்பைத் தாண்டி, சீவலப்பேரி பஸ் போகிற ரோட்டோரம். தச்சநல்லூர் வியாபாரி யாராவது கூப்பிட்டால் மனைவி பாலாம்பாள் எடுத்து, ஆள் பிடித்து மில்லுக்கு விரட்டி, இவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் வியாபாரி வேறு மில்லில் பேசி முடித்திருப்பார். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் வசவு நிச்சயம்.

கடைசியில் சிங்கப்பூரிலிருந்த மைத்துனன் ஒரு கம்பியில்லா போனைக் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டி ஒன்று வீட்டில் டெலிபோன் லைனோடு இருக்கும். கையில் பிடிக்கிற கருவி மில்லில் இருக்கும். வீட்டுக்கு வருகிற போன் மில்லிலேயே மணியடிக்கும். இதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று யாரோ சொன்னதற்கு, "அவன் வந்து கேக்கட்டும், அப்போ பாத்துக்கலாம்" என்றார் சாம்பசிவம்.

மாட்டித் தர பேட்டையிலிருந்து முகம்மது மைதீன் வந்தார். டிவி ஆன்டெனா கட்டுகிறவர். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு ஏரியலை ஏற்றினார். மில்லில் எடுத்துக் கேட்டால் ஒரே கொரகொரப்பு. "தென்னை மறைக்குது" என்றார் மைதீன். சாம்பசிவம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. குறுக்கே நின்ற மரங்களை அன்று சாயங்காலமே சாய்த்துவிட்டார்.

"காய்க்கிற மரம்னா!" என்று பாலாம்பாள் வாசலில் நின்று அழுதாள்.

"அதுக்கென்ன இப்போ? இளநீரா மில்லுல பேசப் போறது? போன்னா பேசணும்!" என்றார்.

மறுநாள் குரல் கணீரென்று கேட்டது. கருவியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் வீட்டுப் பெட்டி கீ கீ என்று கத்தும்; வீட்டிலிருப்பவர்களோடு பேசலாம். மத்தியானம் இலை போடச் சொல்வதற்குச் சாம்பசிவம் அதைத்தான் உபயோகித்தார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதை வைத்து அந்த மனிதர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அவருக்குப் பெண் ஒருத்தி, மஹாலக்ஷ்மி. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் முன்பு ஒரு வரன் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்த பிறகு, பங்காளி ஒருவர் செத்துப்போனார். தீட்டு என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்ட கல்யாணம் தள்ளியே போய்விட்டது. பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மஹாலக்ஷ்மி அதன் பிறகு கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

தொண்ணூற்று நாலில் ஒருவழியாகக் கல்லிடைக்குறிச்சியில் ஓர் இடம் அமைந்தது. சகுனம் பார்ப்பதில் சம்பந்தி சாம்பசிவத்துக்கும் ஒரு படி மேல். தை மாதம் முகூர்த்தம். பந்தற்கால் நடுகிற சமயத்தில் சென்னையிலிருந்து சேதி வந்தது: சாம்பசிவத்தின் அண்ணா சங்கரநாராயணனுக்கு டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள், இன்றோ நாளையோ என்று.

சாம்பசிவத்தைப் படிக்க வைத்தவர் அந்த அண்ணாதான். தன் பங்கு நிலத்தை விற்று மில்லுக்கு முதல் போட்டவரும் அவர்தான். தம்பி போய்ப் பார்க்கவில்லை. "நான் நிக்கறச்சே போயிட்டார்னா?" என்று பாலாம்பாளிடம் கேட்டார். அவளும் அது சரிதான் என்றாள்.

கூடப் பிறந்தவன் செத்தால் பத்து நாள் தீட்டு. கன்னிகாதானம் செய்ய முடியாது. ஆனால் தூரத்தில் நடந்த சாவுக்குத் தீட்டு, காதில் விழுந்த நிமிஷத்திலிருந்துதான் கணக்கு. காதில் விழாத வரை ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் தந்தியை மறைத்து வைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். தபால்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று. போனை என்ன செய்வது? கல்யாண வீட்டில் மணியடித்தால் கிட்ட இருக்கிற குழந்தைகூட எடுக்கும்.

சாம்பசிவத்துக்கு இந்த மாதிரி விஷயத்தில் மூளை நன்றாக ஓடும். கூடத்துப் போனைக் கழற்றினார். கம்பியில்லாப் பெட்டியைப் படுக்கையறை பீரோவுக்குள் வைத்து, ஒயர்களை இடுக்கு வழியாக விட்டு, பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். இனி மணி அடிப்பது மில்லில் மட்டும்தான். அங்கே எடுப்பதற்குத் தீட்டு ஒட்டாத ஆள் இருந்தார். மில் கணக்கர் இஸ்ரவேல். பாளையங்கோட்டைக்காரர், வேதக்காரர், சொன்ன சொல்லைத் தாண்டாதவர்.

"ஓய் இஸ்ரவேல், நன்னாக் கேட்டுக்கும். பொண்ணு கழுத்துல தாலி ஏறி, நானா வந்து கேக்கற வரைக்கும் எந்தக் கெட்ட சேதியும் என் காதுல விழப்படாது. யார் வீட்டுச் சேதியா இருந்தாலும் சரி. எனக்கில்லே, பாலாவுக்கில்லே, தெருவுல ஒருத்தருக்கும் சொல்லப்படாது. அவாளும் பங்காளிதான்."

"சரி முதலாளி."

"பைபிள் மேல சத்தியமா?"

இஸ்ரவேலுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. "எங்களுக்குச் சத்தியம் பண்ணக்கூடாது முதலாளி. சொன்னா சொன்னதுதான்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். தெருவை அடைத்துப் பந்தல். மஹாலக்ஷ்மியின் தம்பி சுந்தர்ராமன் நாக்பூரில் வேலை பார்த்தான். பெண்ணுக்குப் பொரி இட உடன்பிறந்தவன் வேண்டும்; அவன் அன்று காலையில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரயில் தாமதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

காலைப் பலகாரம் முடிகிற நேரத்தில் மில்லில் மணியடித்தது. ஒரு பெண் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினாள். ஆந்திராவில் சின்ன ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரி நர்ஸ். தண்ணீர் பிடிக்க இறங்கிய ஒரு பையன் நகர்ந்த ரயிலில் ஏறப் போய் விழுந்துவிட்டான். இரண்டு காலும் போய்விட்டன. உயிர் இருக்கிறது. நினைவு வரும்போதெல்லாம் இந்த நம்பரைத்தான் சொல்கிறான். ரத்தம் போதவில்லை, உடனே சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும், சொந்தக்காரர் யாராவது வந்தால் பிழைக்க வைக்கலாம். சென்னையில் யாரும் இல்லையா? மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாமே.

பிறகு கருவியில் வேறு சத்தம் கேட்டது. யாரோ மூச்சு வாங்குகிற சத்தம்.

"இஸ்ரவேல் சாரா? அப்பா இல்லையா அங்கே?"

"தம்பி! சுந்தர் தம்பி! இருங்க, இந்தா போயிச் சொல்லுதேன். தைரியமா இருங்க."

"பெரியப்பா ஆத்துக்குச் சொல்லச் சொல்லுங்கோ. அக்காவுக்கு வேண்டாம்." அதோடு சரி. நர்ஸ் திரும்ப வந்து, சீக்கிரம் என்றாள்.

இஸ்ரவேல் வெட்டின மரங்களைத் தாண்டிக்கொண்டு ஓடினார். ஓடும்போதே அவருக்கு ஒரு யோசனை. முதலாளிக்குக் கெட்ட சேதி சொல்லுவதில்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. சொல்லாமலே காரியம் நடக்க வழி இருக்கிறது. சென்னை அண்ணா வீட்டு நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். அங்கிருந்து ஆள் போய்விடும். கல்யாணமும் நிற்காது, பிள்ளையும் பிழைப்பான். நல்ல மனிதருக்குத்தான் இந்த மாதிரி யோசனைகள் வந்து தொலைக்கும்.

பந்தல் முகப்பில் சாம்பசிவம் வாத்தியாரோடு நின்றிருந்தார். அப்போதுதான் நாந்தி, கல்யாணத்துக்கு முன் முன்னோருக்குச் செய்கிற சடங்கு, முடிந்திருந்தது.

"முதலாளி, மெட்ராஸ் நம்பர் வேணும். அவசரம்" என்றார் இஸ்ரவேல், மூச்சிரைக்க.

மெட்ராஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், சாம்பசிவம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லாதேயும்! வாயை மூடும்!"

"அது இல்ல முதலாளி, நீங்க நினைக்கது இல்ல..."

"இவனை இழுத்துண்டு போங்கோடா!"

வாத்தியார் நிதானமானவர். சாம்பசிவத்தின் கையை விலக்கிவிட்டு, "நாந்தி ஆயிடுத்தே ஓய். இனிமே கேட்டாலும் தீட்டு ஒட்டாது. என்னன்னுதான் கேளுமே" என்றார்.

"சாஸ்திரம் விட்டுடும், சம்பந்தி விடுவாரா? என் பொண்ணு இன்னொரு தரம் மூலையில உக்காரணுமா?" என்று சீறினார் சாம்பசிவம். அந்தப் பயம் பொய்யில்லை. அந்த மனிதரிடம் பொய்யில்லாமல் இருந்தது அது ஒன்றுதான். திரும்பி மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். தவில் இடித்தது. இஸ்ரவேல் வாக்கையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, "சுந்தர் தம்பி! சுந்தர் தம்பிக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பங்காளிகள் ஒவ்வொருவராகக் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். இஸ்ரவேல் யாரை நோக்கிப் போனாலும் அந்த ஆள் ஓடினார். பெரிய மனுஷர்கள் எல்லாம், வைர மோதிரம் போட்ட கையால் காதை அடைத்துக்கொண்டு, முட்ட வருகிற மாட்டைக் கண்டவர்கள் மாதிரி ஒதுங்கினார்கள். நடுவயதுப் பங்காளி சாய்கிருஷ்ணன் மட்டும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அவரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் விட்டு வந்தான். மில் ஆள் யாரையும் தாலி ஏறும் வரை தெருவுக்குள் விடக்கூடாது என்று காவலும் போட்டார்கள்.

"என்னமோ சுந்தர் பேரைச் சொல்லிண்டிருந்தான்" என்றான் சாய்கிருஷ்ணன், திரும்பி வந்து.

சாம்பசிவம் கொஞ்சம் யோசித்தார். அவர் முகம் தெளிந்தது. பாலாம்பாளைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நமக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சுந்தர் ஏன் வரலைன்னு இப்போ புரியறது. மெட்ராஸ்ல இறங்கியிருக்கான். அங்கே என்னவோ ஆயிருக்கு. இங்கே வந்தா தீட்டோட வரணுமேன்னு அங்கேயே நின்னுட்டான். பாத்தியா, என் பிள்ளைக்கு எவ்வளவு விவரம்!"

பாலாம்பாளுக்குப் பெருமையில் கண் கலங்கியது. பொரி இட அவள் தம்பி மகனைத் தயார் செய்தாள்.

இஸ்ரவேல் மில்லில் லாரி டிரைவர் அப்பாத்துரையைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். அப்பாத்துரை சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் ரயிலேறுதேன் அண்ணாச்சி. என் ரத்தம் சேந்தா குடுக்கேன்" என்று கிளம்பினான். ஆனால் சென்னைக்கு வண்டி சாயங்காலம்தான். அங்கிருந்து இன்னொரு வண்டி. இஸ்ரவேல் டெலிபோன் விசாரணைக்குப் போட்டுக் கேட்டார். டைரக்டரியில் சென்னைச் சங்கரநாராயணன்களே ஒரு பக்கம் நிறைய இருந்தார்கள். எந்தத் தெரு என்றாள் ஆபரேட்டர் பெண். தெரு அவருக்குத் தெரியாது.

பிறகு அவர் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். பீரோவுக்குள் பெட்டி கீ கீ என்று கத்தியது. யாராவது பீரோவைத் திறந்தால் போதும், சொல்லிவிடலாம். அந்த அறையில் பெண்கள் மஹாலக்ஷ்மிக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. மஹாலக்ஷ்மி மட்டும், "அம்மா, அப்பா பெட்டி கத்தறது" என்றாள்.

"கத்தட்டும். கல்யாணப் பொண்ணு வாயை மூடிண்டு இரு" என்று பாலாம்பாள் இரண்டு மெத்தையைத் தூக்கி பீரோவில் சாத்தினாள். "என்னடி பாடறேள், சுரத்தே இல்லாம? உரக்கப் பாடுங்கோ" என்றாள். உரக்கப் பாடினார்கள். மெத்தைக்குப் பின்னால் அது கத்திக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அழுத்தி அழுத்தி கருவியில் பாட்டரி தீர்ந்துபோயிருந்தது. இஸ்ரவேல் அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே முழங்காலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். அது உயிர் பிடிப்பதற்குள் நர்ஸ் எத்தனை தடவை கூப்பிட்டாளோ.

மறுநாள், கல்யாணத்தன்று காலையில் முதலில் வந்த போன் சென்னையிலிருந்து. சங்கரநாராயணனேதான் பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. படுத்த படுக்கையிலிருந்து, தம்பி பெண்ணுக்கு ஆசீர்வாதம் சொல்லக் கூப்பிட்டிருந்தார். இஸ்ரவேல் அழுதுகொண்டே சொன்னதை முழுக்கக் கேட்டார். "நேத்தே சொல்லியிருக்கப்படாதா அப்பா" என்றார். அடுத்த நிமிஷம் தன் மகனைக் காரில் அனுப்பிவிட்டார்.

அந்தக் கார் பாதி வழியில் இருக்கும்போது மில்லில் மறுபடியும் மணியடித்தது. நர்ஸ்தான். கடைசிவரை தண்ணீர் கேட்டான் என்றாள். பெயரைச் சரியாக எழுதிக்கொள்ள வேண்டுமாம், இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இஸ்ரவேல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் முழங்கியது.

பெரிய பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போது சாம்பசிவம் நழுவி வாய்க்காலுக்கு வந்தார். புது மயில்கண் வேட்டியைக் களைந்து மடித்துக் கரையில் வைத்துவிட்டு, பழைய வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கேட்ட உடனே முழுக்குப் போட்டுவிட வேண்டும் அல்லவா? இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மில் பக்கம் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டார். இஸ்ரவேல் வந்து கரையில் நின்றார்.

"தாலி ஏறிடுத்து ஓய். ஒரு குறையும் இல்லே. இப்போ சொல்லும். எப்போ போச்சு உயிர்?"

"இப்பத்தான் முதலாளி. கெட்டிமேளம் அடிக்கும்போது."

சாம்பசிவம் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். எழுந்தார். மறுபடியும் முங்கினார். தலையிலிருந்து தண்ணீர் வடிய, "பாவம், எனக்கு அப்பா மாதிரி" என்றார். "கடைசி வரைக்கும் எனக்கு ஒத்தாசைதான் பண்ணினார். முகூர்த்தம் வரைக்கும் உயிரைப் பிடிச்சுண்டு இருந்திருக்கார் பாரும்."

"முதலாளி, பெரியவரு உசுரோடத்தான் இருக்காவ. அவியதான் போன் பண்ணிப் பேசினாவ."

"பின்னே?"

"சுந்தர் தம்பி."

"எந்தச் சுந்தர்?"

"நம்ம சுந்தர் தம்பிதான் முதலாளி. நேத்து ரயில்ல விழுந்துட்டாரு. நேத்துக் காலைலயே போன் வந்துச்சு. தம்பி பேசினாரு. உங்களைக் கேட்டாரு. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்." இஸ்ரவேல் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வாய்க்கால் தண்ணீர் சாம்பசிவத்தின் வேட்டியைச் சுற்றிக்கொண்டு போனது. தோப்புக்குள்ளிருந்து சாய்கிருஷ்ணன் ஓடிவந்தான்.

"சித்தப்பா! சம்பந்தி இலையில உக்கார மாட்டேங்கறார். நீங்க எங்கேன்னு கேக்கறார். சீக்கிரம் வாங்கோ!"

"வரேன்னு சொல்லுடா" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அவன் போன பிறகு கரையேறினார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"பெரியவர் வீட்டுக்குத் தெரியும். அடிபட்டது அப்பாத்துரைக்கும் தெரியும், அவன் நேத்தே ரயிலேறிட்டான். இங்க எனக்கு மட்டும்தான்."

"சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளை கார்ல ஏறிப் போகட்டும். அதுவரைக்கும் மூச்சு விடப்படாது."

இஸ்ரவேல் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "உங்க மவன்வே அது! பெத்த தாய்க்குச் சொல்லாண்டாமா? நீரு மனுஷனா?"

சாம்பசிவம் மயில்கண் வேட்டியைக் கட்ட முயன்றார். கொசுவம் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. இஸ்ரவேல் உதவிக்கு எழவில்லை. எப்படியோ சுற்றிக்கொண்டு போனார்.

கொல்லைப்புற வாசலில் பாலாம்பாள் காத்திருந்தாள். அரக்குப் புடவை, தலை நிறையப் பூ. கணவரின் ஈரத் தலையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"போயாச்சா?"

அவர் தலையை ஆட்டினார்.

"எப்போ?"

"கெட்டிமேளம் அடிக்கறச்சே."

"நல்ல வேளை, அம்மாடி!" பாலாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "தெய்வம் நம்ம பக்கம்னா. சுந்தர் அங்கேதானே இருக்கான்?"

"அங்கேதான் இருக்கான்."

"ராத்திரி பூராப் பட்டினி கிடந்திருப்பான் குழந்தை. சாவு வீட்டுல யார் அவனைக் கவனிப்பா?" என்றாள் பாலாம்பாள். முந்தானையால் கணவரின் தலையைத் துவட்டிவிட்டாள். "சரி, வாங்கோ. சம்பந்தி காத்துண்டிருக்கார். சிரிச்ச முகமா வாங்கோ."